இருபத்து மூன்று பொட்டுகள்

எங்கள் நாய் வெல்லம் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா "ஐயோ" என்று கத்திய பிறகுதான் ஓடிவந்தேன். கூடத்தின் நடுவில் பின்னங்கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக விரிந்துகிடக்க, முன்னங்கால்களை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தாள். ஊன்றும் ஒவ்வொரு தடவையும் நகங்கள் டைல்ஸைக் கீறிக்கொண்டு வழுக்கின. குரைக்கவில்லை, முனகவில்லை. என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

வெல்லத்துக்கு வயது 13. 2012 மழைக்காலத்தில் மும்பையின் கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் அருகே நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டி. மண்டை வெல்ல நிறத்தில் இருந்ததால் அம்மா வைத்த பெயர் அது. எதிர்வீட்டு காக்கூ அவளை "கூள்" என்று கூப்பிடுவார். மராத்தியில் வெல்லத்துக்கு அதுதான் பெயர். எப்படிக் கூப்பிட்டாலும் வால் ஆடும்.

மாட்டுங்காவில் எங்கள் பழைய கட்டடம் மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. தரை பூப்போட்ட சிமெண்ட் டைல்ஸ். தாத்தா காலத்திலிருந்து எத்தனையோ பாதங்கள் தேய்த்து, மெருகு போய், அங்கங்கே அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்த தரை. அதில் ஒன்பது வருடம் ஓடினாள், ஒருநாள்கூட வழுக்கவில்லை. 2021-இல் கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று சயனில் ஒரு தரைத்தள வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். அங்கே சொரசொரப்பான ஷாஹாபாத் கல். 2024 நவம்பரில் புதிய வீட்டுச் சாவி கைக்கு வந்தது. ஒன்பதாவது மாடி, தந்த நிறத்தில் விட்ரிஃபைட் டைல்ஸ். பால் காய்ச்ச வந்த உறவினர்கள் எல்லோரும் "கண்ணாடி மாதிரி இருக்கிறது" என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. அந்தக் கண்ணாடியில் நான்கு கால்களால் நடக்க வேண்டிய ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

விட்ரிஃபைட் டைல்ஸ் என்பது களிமண்ணைக் கண்ணாடித்தன்மை வரும்வரை சுட்டு எடுப்பது. அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. அதனால்தான் கறை பிடிப்பதில்லை, துடைப்பது சுலபம். ஆனால் அதே காரணத்தால் சிந்திய தண்ணீர், பாதத்தின் ஈரம், துடைத்த சோப்புத் தண்ணீரின் படலம் எல்லாம் மேலேயே நிற்கும். பழைய சிமெண்ட் தரை உறிஞ்சிக்கொண்டதை இது உறிஞ்சாது.

அவள் ஒரே நாளில் நடையை நிறுத்திவிடவில்லை. முதலில், நான் வேலையிலிருந்து திரும்பும்போது வாசலுக்கு வருவதை நிறுத்தினாள். படுக்கையிலிருந்தே வால் தரையில் தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு இரவில் தண்ணீர் குடிக்கப் போவது நின்றது. பிறகு பால்கனி. அடுத்த கட்டடத்துப் புறாக்களைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவள், பால்கனிப் பக்கமே போகவில்லை. நான் பார்த்தவர்களிடமெல்லாம் "வயதாகிவிட்டது" என்று சொன்னேன். நான்கு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நான்கு மாதங்களுக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அது வயது மட்டும் அல்ல என்று முதலில் கண்டுபிடித்தவள் அம்மா. அம்மாவுக்கு 74 வயது. சயன் வீட்டில் குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்ததிலிருந்து சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நடப்பாள். வெல்லம் விழுந்த அன்று மாலை அம்மா சொன்னாள்: "அவள் கொஞ்ச நாளாகச் சுவரோரமாகவே போகிறாள், கவனித்தாயா? நானும் அப்படித்தானே போகிறேன். கால் முடியாமல் இல்லை. தரையை நம்ப முடியவில்லை."

மறுநாள் பரேலுக்குப் போனோம். பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரி 1886-இலிருந்து அங்கே இருக்கிறது. பாட்டி காலத்திலேயே மாட்டுக்கோ நாய்க்கோ ஒன்று என்றால் "பரேலுக்குக் கொண்டு போ" என்பதுதான் வழக்கம். அந்தப் பகுதியில் ஒரு மருத்துவர். எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டுகளிலும் தேய்மானம் தெரிந்தது. அதைவிட என் மனதில் பதிந்தது அவர் செய்த சின்னச் சோதனை. வெல்லத்தை நிற்கவைத்து, ஒவ்வொரு பாதமாக எடுத்து, மேல்பக்கம் தரையில் படும்படி மடக்கி வைத்தார். முன் பாதங்களை உடனே திருப்பி வைத்துக்கொண்டாள். பின் இடது காலும் அப்படியே. பின் வலது கால் மட்டும் மடங்கியபடியே ஒரு கணம் நின்று, பிறகுதான் திரும்பியது. "பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தி இவளுக்குத் தாமதமாகப் போகிறது. வழுக்க ஆரம்பித்ததே வழுக்கிய பிறகுதான் இவளுக்குத் தெரியும்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். நாய் நிற்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் விழும். பின்னங்கால் வலித்தால் இன்னும் முன்னே சாயும், தலை தாழும், பின்தொடை மெலியும். மெலிந்தால் இன்னும் வழுக்கும். வழுக்கினால் பயம். பயந்த நாய் விரல்களை இறுக்கி நகத்தால் பிடிக்கப் பார்க்கும். மண்ணில் அது உதவும். டைல்ஸில் நகம் என்பது பனிக்கட்டியில் கத்தி வைத்தது போல. அவள் பிடிக்கப் பிடிக்கத்தான் வழுக்கிக்கொண்டிருந்தாள். பயத்தில் நாய்க்கு உள்ளங்கால் வேறு வியர்க்கும். அவள் நின்று நடுங்கிய இடங்களில் ஈரத் தடம் பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் கிண்ணத்தில் காலை வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

நான் பாய், காலுறை, செருப்பு என்று எதை வாங்கலாம் என்று கேட்டேன். "முதலில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்" என்றார்.

திருப்பிப் பார்த்தேன். விரல் திண்டுகளுக்கு நடுவே முடி வளர்ந்து திண்டையே மூடியிருந்தது. தினமும் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவரை நடந்த காலத்தில் தார்ச்சாலையே நகத்தைத் தேய்த்துவிடும். நடை குறைந்ததும் நகம் வளர்ந்து, நின்றாலே தரையைத் தொட்டு, விரல்களை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. ரப்பர் போலப் பிடிக்க வேண்டிய திண்டு தரையில் முழுதாகப் படவே இல்லை.

முடியை மழுங்கிய முனைக் கத்தரிக்கோலால் திண்டின் மட்டத்துக்கு வெட்டினேன், அது பத்து நிமிட வேலை. நகம்தான் பெரிய வேலை. அவளுக்கு நகம் கறுப்பு. உள்ளே இரத்தக்குழாய் எங்கே முடிகிறது என்று வெளியே தெரியாது. மருத்துவர் காட்டிக்கொடுத்தபடி செய்கிறேன். வெளிச்சத்தில் உட்கார்ந்து, நுனியில் நூல் கனத்துக்கு ஒரு சீவல். வெட்டிய முகம் சுண்ணாம்பு போல வெளுத்து, காய்ந்து தெரிந்தால் இன்னொரு சீவல். நடுவில் ஈரமாக ஒரு கரும்புள்ளி தெரிந்தால் அங்கே நிறுத்திவிட வேண்டும், அதற்கு அப்பால் உயிர். முதல் வாரம் ஒரு விரலில் ஒரு மயிரிழை கூடிப்போய் இரத்தம் வந்தது. சோளமாவை அழுத்திப் பிடித்தேன், நின்றது. என் கை நடுங்கியதை அவள்தான் நக்கி ஆற்றினாள். ஞாயிறுதோறும் சீவிக்கொண்டே வந்தால் உள்ளிருக்கும் இரத்தக்குழாயும் மெல்லப் பின்வாங்கும். மூன்று மாதத்தில் நகம் தரையைத் தொடாத உயரத்துக்கு வந்துவிட்டது. இதை மட்டுமாவது இன்றே செய்யுங்கள் என்று வயதான நாய் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது. காசு செலவில்லை.

அடுத்தது தரை. இதில் நான் செய்தவற்றில் பாதி வீண். திருநெல்வேலியிலிருந்து வந்த பத்தமடைப் பாயை விரித்தேன். பாயோடு சேர்ந்து அவளும் வழுக்கினாள். அடியில் ரப்பர் வைத்த நாய்க் காலுறை நான்கு வாங்கினேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் காலுறை சுழன்று ரப்பர் மேல்பக்கம் வந்துவிட்டது. அவள் அசையாமல் சிலை போல நின்றாள். இறுக்கமாகப் பொருந்தும் காலுறை சில நாய்களுக்கு உதவுகிறது. ஏற்கெனவே பாதத்தின் உணர்வு மங்கிய இவளுக்கு உதவவில்லை. யாரோ சொன்னார்கள் என்று அம்மா உள்ளங்காலில் தேங்காய் எண்ணெய் தடவினாள். காய்ந்த திண்டுக்கு நல்லதுதான் என்று நானும் நினைத்தேன். அன்றிரவு நான்கு காலும் நான்கு திசைக்குப் போனது. எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

பிறகு வாசலில் போடும் மிதியடிகள் எட்டு வாங்கி, ஆற்றில் கல் போட்டதுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டேன். அதுதான் பெரிய தவறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவள் தாவப் பார்த்தாள். இடுப்பு தேய்ந்த நாய் தாவி இறங்குவதைவிட ஆபத்து வேறில்லை.

அப்போதுதான் அம்மா தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள். "எங்கே வழுக்குகிறாள் என்று தெரியாமல் எங்கே பாய் போடுவாய்?" என்றாள். இரண்டு நாள், வெல்லத்தின் கால் எங்கெல்லாம் வழுக்கியதோ, தயங்கி நின்றதோ, அங்கெல்லாம் தரையில் ஒரு சிவப்புப் பொட்டு. அம்மா குனிய முடியாததால் ஊன்றுகோலால் இடத்தைக் காட்டுவாள், நான் ஒட்டுவேன். இரண்டாம் நாள் இரவு விளக்கைப் போட்டு எண்ணினேன். இருபத்து மூன்று.

நான் பாய் போட்டிருந்த இடங்களில் நான்கோ ஐந்தோ. மீதி எல்லாம் நான் நினைத்தே பார்க்காத இடங்கள். கூடத்தின் நீண்ட நேர்வழியில் ஒன்றுகூட இல்லை. அவள் படுக்கை விளிம்பில் ஆறு, எழுந்து முதல் உந்து உந்தும் இடம். தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் ஐந்து, குனிந்து நிற்கும்போது பின்னங்கால் மெல்ல விலகிக்கொண்டே போகும். சாப்பாட்டு மேசையைச் சுற்றித் திரும்பும் மூலையில் ஏழு. அப்பாவின் பழைய கண்ணாடிக்குக் கீழே இரண்டு. குளித்துவிட்டு அங்கே நின்றுதான் நான் பவுடர் போடுவேன், அது தரையில் உதிர்ந்திருந்தது. நேராக நடக்கும்போது கால் முன்பின்னாகத்தான் தள்ளும். எழும்போதும் திரும்பும்போதும் நிற்கும்போதும்தான் பக்கவாட்டில் தள்ள வேண்டியிருக்கிறது. அங்கேதான் தரை அவளைக் கைவிட்டது. மூன்று பொட்டுகள் அம்மாவின் அறை வாசலில் இருந்தன. அந்த அறைக்கு நான் பாயே போட்டிருக்கவில்லை, இரவில் அவள் என் அறையில்தான் தூங்குவாள் என்பதால். அவளோ இரண்டு மணிக்கு எழுந்து அம்மா மூச்சு விடுகிறாளா என்று பார்க்கப் போயிருக்கிறாள். நாய் எங்கே போக வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யக் கூடாது.

தாதருக்குப் போய் யோகா பாய்கள் நான்கு வாங்கினேன். ஆறடி நீளம், இரண்டடி அகலம். மெத்தென்று தடித்தவை வேண்டாம், கால் அமிழ்ந்தால் ஆட்டம் கூடும். அழுத்தமான, மெல்லிய பாயே நல்லது. ஒன்றை வெட்டிப் படுக்கைக்கும் கிண்ணத்துக்கும் அடியில் போட்டேன். மற்றவற்றை இடைவெளி இல்லாமல் இணைத்து, என் அறையிலிருந்து கிண்ணம், மேசை மூலை, அம்மாவின் அறை, வாசல் வரை ஒரே பாதை. விளிம்பு முழுவதும் இருபக்க டேப். சுருண்ட விளிம்பில் வெல்லத்தின் கால் மாட்டுவதைவிட அம்மாவின் கால் மாட்டிவிடுமோ என்ற பயம்தான் எனக்கு அதிகம். மேசை மூலையில் பாதையை இரண்டு மடங்கு அகலமாக்கினேன், திரும்ப இடம் வேண்டும்.

பாதை போட்டதும் அவள் நடந்துவிட்டாள் என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. நான்கு மாதம் ஏமாற்றிய தரையை ஒரு நாளில் யார் நம்புவார்கள்? முதல் நாள் பாயின் நுனியை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இழுத்தால் பின்னே சாய்வாள், சாய்ந்தால் மெலிந்த கால்களில் பாரம். அதனால் பாயில் நானே போய் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன், கையில் இட்லி. வெல்லம் இட்லிக்கு எதையும் செய்வாள். மூன்றாம் நாள் முன்னங்கால் இரண்டையும் பாயில் வைத்தாள். விரல் நுனி அளவு இட்லி. மறுநாள் நான்கு கால். பிறகு ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு துண்டு. துண்டை அவள் மூக்குக்குக் கீழே, தாழ்வாகப் பிடிக்க வேண்டும். உயர்த்திப் பிடித்தால் தலை நிமிரும், பாரம் முழுவதும் பின்னே போய்விடும். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், அவள் சலிப்பதற்கு முன் நாமே முடித்துவிட வேண்டும். பின்னால் தாங்குவதற்கு அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையை நான்காக மடித்து, பின்தொடைக்கு முன்னால் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரு முனையையும் கையில் பிடித்துக்கொள்வேன். தூக்குவதற்கு அல்ல, வழுக்கினால் நான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிவதற்கு.

பதினொன்றாம் நாள் புடவை என் கையில் தளர்ந்துதான் கிடந்தது. அவள் பாரம் அதில் இல்லை. மேசை மூலையில் ஒரு கணம் நின்றாள். வலது பின்பாதம் விரல் விரிந்து பாயில் பதிந்தது. திரும்பினாள். அம்மாவின் அறைக்குள் போய்க் கட்டிலில் தாடையை வைத்தாள். அம்மா அழுதுகொண்டே "என்ன வேண்டும் உனக்கு, என்ன வேண்டும்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மற்றவை சுருக்கமாக. எடை 24 கிலோவிலிருந்து 21.5-க்கு வந்திருக்கிறாள். அம்மா கொடுத்துவந்த பிஸ்கட்டுகளுக்குப் பதில் கேரட்டும் வெள்ளரியும், இட்லி பயிற்சிக்கு மட்டும். செய்தித்தாளைச் சுருட்டிப் பாயின் குறுக்கே ஓரடிக்கு ஒன்றாக வைத்து, அதைத் தாண்டி நடக்கவைக்கிறேன். காலைத் தூக்கி வைக்கும் நினைவு பாதத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக. உட்கார்ந்து எழுவது ஐந்து தடவை. வலிக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை மட்டும். வீட்டில் இருக்கும் மனிதர்களின் வலி மாத்திரையை இரக்கப்பட்டு நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரையே எடுக்கும்.

மழைக்காலம் வந்ததும் புதிய சிக்கல். ஜூனில் மும்பையின் காற்றே ஈரம், தரை வியர்த்துப் பிசுபிசுக்கும். வேலைக்கு வரும் மாவ்ஷியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தரைத் திரவத்தைப் பாதியாகக் குறைத்து, வெல்லம் படுத்திருக்கும்போதே துடைத்து, காய்ந்த துணியால் இன்னொருமுறை துடைத்துவிட்டு, மின்விசிறியைப் போட்டுவிட்டுத்தான் போகிறார். நான் கேட்டது முதல் பாதி மட்டும். மின்விசிறி அவருடைய யோசனை. வெளியே போய் வந்ததும் வாசலிலேயே நான்கு பாதத்தையும் விரலிடுக்கு உட்படத் துடைத்துவிடுகிறோம்.

அம்மாவும் இப்போது பாய் வழியாகத்தான் நடக்கிறாள். எப்போதிலிருந்து என்று நான் கவனிக்கவில்லை. ஒருநாள் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்துகொண்டிருந்தாள், சுவரைத் தொடாமல். எதிரே வெல்லம். இரண்டடிப் பாதையில் இருவரும் நின்று, யார் வழி விடுவது என்று பார்த்துக்கொண்டார்கள். அம்மாதான் ஒதுங்கினாள்.

பொட்டுகளை ஒவ்வொன்றாக உரித்துவிட்டோம். போன வாரம் வெல்லம் தானாகவே பாயை விட்டு இறங்கி, வெறும் டைல்ஸில் நான்கு எட்டு வைத்துப் பால்கனிக் கதவு வரை போனாள். புறா வந்திருந்தது. திரும்பும்போது கதவருகே இடது கால் கொஞ்சம் வழுக்கியது, சமாளித்துக்கொண்டாள். அம்மா உடனே அட்டையை எடுத்து நீட்டினாள். அங்கே ஒரு பொட்டு ஒட்டியிருக்கிறது. பால்கனி வரை பாதையை நீட்ட இன்னும் ஒரு பாய் வேண்டும், சனிக்கிழமை தாதருக்குப் போகிறேன்.